துள்ளானின் மஞ்சள் சட்டை

ஒரு காட்டில், கோடை வந்தால் புல்லெல்லாம் காய்ந்து மண் நிறத்துக்கு மாறிவிடும் ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. அவற்றில் துள்ளான் என்றொரு முயல். நல்லவன்தான். நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனுக்குக் காதைவிட நீளம்.

அந்த முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுப் பருத்தியைப் பொறுக்கி வந்து, தாமே நூற்று, தாமே நெய்து, தையல்சிட்டிடம் கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்ளும். ஒரு சட்டைக்கு ஒரு வருஷம் பிடிக்கும். கிழிந்தால் எறிவதில்லை. ஒட்டுத் துணியை மேட்டு மண் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, கிழிசல்மேல் வைத்துத் தைக்கும்.

துள்ளானின் சட்டையை நூற்று நெய்தவள் அவன் மனைவி மருதாயி. அந்தச் சட்டையில் ஒட்டில்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மச்சினி கல்யாணம் நெருங்கியது.

"இந்தக் கந்தலோட பந்தலுக்கு வந்தா என் மானம் போயிடும்" என்று துள்ளான் முனகினான்.

"புதுசுக்குத்தானே நூத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க" என்றாள் மருதாயி.

"நீ நூத்து முடிக்கிறதுக்குள்ள மச்சினிக்குப் பேரப்பிள்ளையே பொறந்துடும்!"

புதரோரம் நின்ற நரியின் காதில் இது விழுந்தது. மறுநாளே அது ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

"பழசுக்குப் புதுசு! கிழிசலா இருந்தாலும் எடுத்துக்குவேன்! பழசுக்குப் புதுசு!"

மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பாறைமேல் விரித்துவிட்டு, நரி பவ்வியமாக எட்டிப் போய் நின்றது. இலைமேல் பிசின் தடவி, கொன்றைப் பூவிதழ்களை ஒட்டிய சட்டை அது. மஞ்சளென்றால் மஞ்சள், கண்ணைப் பறிக்கும் மஞ்சள்! நரிக்கு ஏன் திடீரென்று இத்தனை தர்மசிந்தனை என்று நீங்கள் கேட்பீர்கள். துள்ளான் கேட்கவில்லை.

"ஏங்க, சும்மா தர்றாரே, கொஞ்சம் யோசிங்க" என்று வளைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள் மருதாயி.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"மாட்டுப் பல்லை விடுங்க. கொடுக்கிறவர் பல்லைப் பாருங்க!"

துள்ளான் பார்த்தது மஞ்சளை மட்டும்தான். பழைய சட்டையைப் பாறைமேல் வைத்தான், புதியதை மாட்டிக்கொண்டான். நரி அந்தப் பழைய சட்டையில் காலைத் துடைத்துக்கொண்டு, ஓடையில் வீசிவிட்டுப் போனது.

கல்யாண நாள் வந்தது. முயல்களெல்லாம் மேட்டின் வழியே கூட்டமாகக் கிளம்பின. துள்ளான் எல்லோருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். ஒட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மருதாயி அவன் பின்னாலேயே போனாள்.

திடீரென்று, பின்னால் வந்த ஒரு முயல் காலால் தரையைத் 'தப் தப்' என்று தட்டியது. ஆபத்து என்று அதற்கு அர்த்தம். அடுத்த நொடி எல்லா முயல்களும் இருந்த இடத்திலேயே பதுங்கின. மேட்டில் இப்போது மண்ணும் காய்ந்த புல்லும்தான்.

துள்ளானும் பதுங்கினான். காதை மடித்தான், கண்ணை இறுக மூடினான், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். பாவம், ஒரு குறையும் வைக்கவில்லை.

"மாப்பிள்ளே" என்றது நரியின் குரல்.

துள்ளான் அசையவில்லை.

"உன்னைத்தான், மஞ்சச் சட்டை மாப்பிள்ளே!"

"இங்க யாரும் இல்லை" என்றான் துள்ளான்.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இந்த மேட்டுல அலைஞ்சு அலைஞ்சு என் காலே தேஞ்சு போச்சு. எது மண்ணு, எது உங்க ஒட்டுச் சட்டைன்னு ஒரு நாளாவது தெரிஞ்சுதா? அதான் நானே உனக்கு ஒண்ணு தச்சுக் கொடுத்தேன். இப்ப அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரியிற!"

 துள்ளான் ஒரே தாவலாகத் தாவினான். நரி சட்டையைக் கவ்வியது. பிசினுக்கு நூலின் உறுதி ஏது? சட்டை பிய்ந்து நரியின் வாய் நிறையப் பூவிதழ் அடைத்துக்கொண்டது. அது 'தூ தூ' என்று துப்புவதற்குள், பக்கத்தில் ஒரு திட்டு மண் மேலே எழும்பி, துள்ளானை உள்ளே இழுத்துக்கொண்டது.

மண்ணில்லை, மருதாயியின் ஒட்டுப் போர்வை. நரி அதன் ஓரத்தை மிதிக்காத குறையாக நடந்து போனது. போகும் வழியெல்லாம் தும்மிக்கொண்டே போனது.

போர்வைக்குள் ஒட்டுத் தையல்கள் துள்ளானின் மூக்கை உரசின. எத்தனை தையல்! ஒவ்வொன்றும் எவ்வளவு நெருக்கம்! அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அழுங்க, ஆனா சத்தமில்லாம அழுங்க. நரி இன்னும் தூரம் போகல" என்றாள் மருதாயி.

அதன்பிறகு துள்ளானும் மருதாயியோடு உட்கார்ந்து நூல் நூற்றான். விரல் காய்த்துப்போனது. அடுத்த கோடையில்தான் துணியை எடுத்துக்கொண்டு தையல்சிட்டிடம் போனான்.

"துணிக்கு என்ன நிறம் ஏத்தணும் மாமா?" என்று கேட்டது சிட்டு.

"மண் நிறம்."

"கழுத்தோரம் ரெண்டு பூ வச்சுத் தைக்கட்டுமா?"

"பூவெல்லாம் வேண்டாம்மா. முடிஞ்சா, இப்பவே ரெண்டு ஒட்டு வச்சுத் தச்சுடு!"

நீதி: உழைத்து நெய்து, ஒட்டுப் போட்டுக் காத்த பழந்துணியைச் சும்மா கிடைக்கும் பளபளப்புக்கு மாற்றாதே.