கழுவி ஊற்றியது

ஹசீனாவுக்கு வயது முப்பத்தொன்று. அந்த ஆய்வுக்கூடத்தில் அவள்தான் குரு. சிஷ்யை செல்லக்கனிக்கு நாற்பத்தெட்டு. புற்றுநோய் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். எல்லோரும் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வார்டை விட்டு எத்தனை பேர் வெள்ளைத்துணியில் போனார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவசரம்.

ஒரு நாள் காலை செல்லக்கனி, செல் வளர்க்கும் தட்டை நீட்டினாள்.

“மேடம், மருந்து வேலை செய்யுது. அந்தப் புரதத்தை அடக்கிடுச்சு. பத்துப் புற்றுச் செல்லுக்கு எட்டைக் காணோம். வார்டு வரைக்கும் கொண்டுபோகலாம்னு கடிதம் எழுதிட்டேன். இன்னைக்கே அனுப்பிடறேன்.”

“அந்தப் புரதத்துக்கு என்ன வேலை?”

“செல்லைப் பிடிச்சு வைக்கிறது. பக்கத்துச் செல்லோட, அடித்தட்டோட. அது போனா பற்று போச்சு. பற்று போனா செல்லும் போச்சு.”

“எங்க போச்சு?”

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்தது. “கழுவினேன், தண்ணியோட வந்துடுச்சு. இதுக்காக என்னைக் கழுவி ஊத்திடாதீங்க.”

“உங்களை இல்ல சிஸ்டர். நீங்க கழுவி ஊத்தினது எங்க?”

நல்லவேளை, அந்த நீர் ஒரு சோதனைக் குழாயில் இருந்தது. கழிவு வாளிக்கு இன்னும் போகவில்லை.

ஹசீனா இரண்டு சின்னக் கிண்ணங்களை எடுத்தாள். அடியில் பொடிப்பொடித் துளையுள்ள சவ்வு. அதன்மேல் ஜெல்லி மாதிரி ஒரு படலம். உடம்புக்குள் செல்லைத் தடுக்கிற சுவருக்குப் பதில் அது. ஒன்றில் மருந்து படாத செல்களை விட்டாள். மற்றதில் கழுவிய நீரில் கிடந்த செல்களை, அதே அளவு. மூடி வைத்தாள். காரணம் சொல்லவில்லை. செல்லக்கனியின் முகம் உம்மென்று இருந்தது.

மறுநாள் இரண்டு சவ்வுக்கும் அடிப்பக்கம் சாயம் ஏற்றினாள்.

“பாருங்க.”

மருந்து படாத செல்களின் சவ்வில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மற்றதில் எண்ண முடியாத ஊதாப் புள்ளிகள். உயிரோடு சுவரைத் துளைத்து இறங்கியிருந்தன; உடம்பில் என்றால் நோய் பரவியிருக்கும்.

செல்லக்கனி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அனுப்பாத கடிதம் அவள் பையில் இருந்தது.

“செத்துப்போச்சுன்னு நினைச்சேன் மேடம்.”

“நினைச்சா பரவாயில்லை. எழுதிட்டீங்க.”

செல்லக்கனி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“பற்று அறுந்தா விடுதலைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

“விடுதலைதான் சிஸ்டர். யாருக்கு?”