ஒழுகாத கார்

ஏழுமுக்கு ஊரில் சிங்காரவேலு, அடைக்காத்தான், நல்லமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுக்கு ஒரே தங்கை பொற்கொடி, ஒரே கார். காருக்குத்தான் வயசு அதிகம்.

பொற்கொடியைப் பார்க்க வந்த மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. நாலாவது இடம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ரயிலில் வருகிறது. 'பெண் வீட்டில் கார் இருக்கிறது' என்று தரகர் சொல்லித்தான் அவர்கள் கிளம்பியதே. அன்றைக்குக் காலையில் பார்த்துக் காருக்கு அடியில் தண்ணீர் குளமாக நின்றது. சிங்காரவேலு மெக்கானிக் வீட்டுக்கு ஓடினார். இதுவும் போனால் தங்கை கதி என்ன?

மெக்கானிக் ஜெயசீலன் மாமியார் ஊருக்கு பஸ் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டியபடியே வந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்.

"தண்ணி போற ரப்பர் ஹோஸ் நல்லாத்தான் இருக்கு. அதை இறுக்கிப் பிடிக்கிற ரெண்டு கிளிப்பும் துருப்பிடிச்சுப் போச்சு. சூடா இருக்கிறப்ப கை வைக்காதீங்க. ஆறினதும் கழட்டிக் கடையில காட்டி, அதே மாதிரி வாங்கி மாட்டுங்க. மாட்டிட்டு வண்டியை ஓடவிட்டு, நான் வர்ற வரைக்கும் கிளிப் மேலயே கண்ணா இருங்க. ஒழுகுதான்னு பார்க்கணும்."

அவர் ஏறிய பஸ் போய்விட்டது. மூவரும் இன்ஜினைச் சுற்றி நின்றார்கள்.

"ஆறிருச்சான்னு கை வைக்காம எப்படிண்ணே தெரியும்?" என்றான் நல்லமுத்து.

சிங்காரவேலு நெடுநேரம் யோசித்தார். "கால் வைக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலையே."

அடைக்காத்தான் காலை வைத்தான். அலறினான். "சூடா இருக்குண்ணே!"

"ஒருத்தன் சொன்னா போதுமா? நல்லமுத்து, நீயும் வை."

அவனும் அலறினான். பெரியவர் என்ற பொறுப்பில் சிங்காரவேலுவும் வைத்தார். மூவரும் நொண்டி முடித்தபோது இன்ஜின் ஆறியிருந்தது.

ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுத்ததும், மிச்சத் தண்ணீர் முழுக்கக் கீழே படுத்திருந்த நல்லமுத்துவின் முகத்தில் இறங்கியது. "நீ குளிச்சாச்சு, நாங்கதான் பாக்கி" என்றார் அண்ணன்.

கடைக்காரர் பழைய கிளிப்பைப் பார்த்துவிட்டு அதே அளவில் புதுசாக இரண்டை எடுத்து வைத்தார்.

"இது அதே மாதிரி இல்லீங்களே" என்றார் சிங்காரவேலு. "பளபளன்னு இருக்கு. எங்களுது துருங்க."

"புதுசு அப்படித்தான்யா இருக்கும்."

"எங்களதுல ஸ்க்ரூ தலை தேஞ்சிருக்கு. உங்களதுல தேயலையே?" என்றான் நல்லமுத்து.

கடையில் இருந்த டப்பா அத்தனையும் இறங்கியது. ஒன்றிலும் துரு இல்லை. கடைசியில் கடைக்காரர் பழைய கிளிப் இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், அதே இரண்டையும் கொண்டுவந்து நீட்டினார்.

"அச்சு அசல்!" என்றான் அடைக்காத்தான். "இதை முதல்லயே எடுத்திருக்கலாமே!"

"காசு வேண்டாம், போயிட்டு வாங்க" என்று கும்பிட்டார் கடைக்காரர். தங்கமான மனுஷன் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கிளிப்பை மாட்டினார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஜெயசீலன் சொல்லவில்லை, அதனால் ஊற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை!

அப்புறம்தான் சிக்கல். கிளிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க பானெட் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியாது.

"முன்னாடிதானே மறைக்குது? பின்னாடி நல்லாத் தெரியுதே" என்றான் நல்லமுத்து.

நியாயமாகப் பட்டது. கார் ரிவர்ஸிலேயே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. சிங்காரவேலு கழுத்தைத் திருப்பி ஓட்டினார். நல்லமுத்து வழியை விலக்கிக்கொண்டு ஓடினான். அடைக்காத்தான் திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டபடி காரோடு நொண்டிக்கொண்டே நடந்தான்.

மாப்பிள்ளையின் அப்பா கார்மேகம் ஸ்டேஷன் வாசலில் காரை ஏற இறங்கப் பார்த்தார். சிங்காரவேலு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"எங்க ஊரு காரெல்லாம் முன்னாடி பார்த்துத்தான் போகும். இது பின்னாடியும் இவ்வளவு தூரம் வருதே! பெரிய இடம்தான்" என்று ஏறி உட்கார்ந்தார் அவர்.

மாப்பிள்ளை சௌந்தரராசு ஏறவில்லை. அடைக்காத்தானைக் காட்டி, "அவர் எதைப் பார்க்கிறார்?" என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும், "பாவம், கண்ணுல தண்ணி கொட்டுது. நீங்க உட்காருங்க மச்சான்" என்று தன் தலையை உள்ளே விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்ஜினில் புகை வந்தது. "புகைதான் வருது, தண்ணி வரலை" என்று அவன் தைரியம் சொன்னான். வீட்டு வாசலில் இன்ஜின் தானாகவே நின்றது. சரியான இடம் பார்த்து நின்றதே என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் பொற்கொடி காபியோடு கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை இல்லை. அவன் வாசலில், பானெட்டுக்குள்.

"பொண்ணைப் பார்க்கவே இல்லையே!" என்று சிங்காரவேலு கையைப் பிசைந்தார். "பொற்கொடி, நீ போய் மாத்தி விடும்மா. அப்பவாவது அவர் நிமிர்ந்து பார்க்கட்டும்."

அவள் போய் அவன் பக்கத்தில் குனிந்தாள். "நீங்க காபி குடிங்க. நான் பார்த்துக்கிறேன்."

"ஆள் மாறுற நேரத்துல ஒழுகிட்டா?"

"அதுவும் சரிதாங்க" என்றாள் பொற்கொடி. இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள். காபி ஆறியது. பொழுது சாய்ந்தது.

கார்மேகம் பொறுமை இழந்து வாசலுக்கு வந்தார். பின்னாலேயே மூன்று அண்ணன்களும் நொண்டிக்கொண்டு வந்தார்கள்.

"ஏம்மா, நேராவே கேட்டுடறேன். என் பையனைப் பத்தி என்ன சொல்றே?"

பொற்கொடி நிமிரவே இல்லை. "இதுவரைக்கும் ஒழுகலைங்க மாமா."

கார்மேகம் திரும்பி சிங்காரவேலுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா வளர்த்திருக்கேன் சம்பந்தி. இவ்வளவு நல்ல வார்த்தை அவனைப் பத்தி யாருமே சொன்னதில்லை!"