மொட்டைக் கொன்றை பூத்தது

முன்னொரு காலத்தில், மேகத்தைக்கூடப் பானையில் அடைக்க முடிந்த காலத்தில், செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே காரண்டன் என்றொரு மந்திரவாதி. மழையையெல்லாம் பானையில் அடைத்துக்கொண்டு, காலில் விழுந்தவர்களுக்கு மட்டும் ஒரு குவளை தண்ணீர் தருவான். ரொம்பத்தான் தாராளம்!

கிணறு வெட்டும் செங்கோடன் காலில் விழவில்லை, கடப்பாரையைத் தூக்கினான். ஊற்று வருமுன்னே காரண்டன் அவனைக் கிணற்றோரத்தில் கல்லாக்கிவிட்டான்.

அவன் மனைவி பூவாயி கதறினாள். காரண்டன் சிரித்துக்கொண்டே ஒரு கொன்றைக் கன்றை நீட்டினான். "இதைக் கல்லோரம் நடு. பூத்து, பூ கல்மேல் விழுந்தால் உன் புருசன் எழுவான். கன்று செத்தால் என்றைக்கும் கல்தான்." மழையில்லாத ஊரில் எது பூக்கும் என்ற தைரியம் அவனுக்கு.

பூவாயி குடிக்கும் தண்ணீரில் பாதியை ஊற்றினாள். கன்று வளரவே இல்லை.

"ஏன் கண்ணு வளர மாட்டேங்கிறே?"

இலைகள் அசைந்து பேசின. "மேலே வளர இது நேரமில்லே அக்கா. கீழே வேலை இருக்கு."

காரண்டன் வளையல்காரனாக வேஷம் போட்டு வந்தான். "இந்தப் பொடியைத் தூவு, பனை உயரம் வளரும்!"

"வேண்டாம் அக்கா. வளர்ந்தா தாகமும் வளரும்," என்றது கன்று.

வைத்தியனாக வந்தான். "இலை சுருண்டிருக்கே, இந்தத் தைலத்தைத் தடவு, விரியும்!"

"வேண்டாம் அக்கா. நானாத்தான் சுருண்டேன். விரிஞ்சா இருக்கிற ஈரமும் போயிடும்."

பிறகு ஒருநாள் இலைகளெல்லாம் உதிர்ந்தன. கன்றுக்குப் பேச வாயில்லை. அந்த நாட்டில் மொட்டையான செடியைப் பிடுங்கி அடுப்பில் வைப்பது வழக்கம். காரண்டன் விறகு வியாபாரியாக வந்து நின்றான். "செத்த செடி வீட்டுக்கு ஆகாதும்மா, பிடுங்கு!"

பூவாயி தண்டைப் பிடித்தாள். "கண்ணு, வேலை முடிஞ்சுதா?" பிடுங்க மனம் வரவில்லை, பாவம். நகத்தால் மெல்லக் கீறினாள். உள்ளே பச்சை!

"போய்யா வேலையைப் பாத்துக்கிட்டு! இது உயிரோட இருக்கு!"

அந்த வாரமே வேர் ஊற்றைத் தொட்டது. மொட்டைக் கிளையெங்கும் மஞ்சள் சரம் சரமாய்த் தொங்கியது. ஒரு பூ கல்மேல் விழ, செங்கோடன் கண் விழித்தான்.

"ஊத்து வந்துச்சா புள்ளே?"

பூவாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீ விட்ட வேலையை இது முடிச்சிருச்சு மாமா!"

வேர் போன வழியே தோண்டினான். தண்ணீர் பொங்கியது. அதன்பின் காரண்டன் காலில் விழ ஆளில்லை. எடுக்க ஆளில்லாமல் மழை நிரம்பி, பானை தானாக வெடித்தது. கொட்டிய மழையில் தொப்பலாக நனைந்து ஓடியவன்தான், திரும்பவே இல்லை.

செம்பாறை நாட்டார் அதன்பின் எந்த மொட்டைச் செடியையும் நகத்தால் கீறிப் பார்க்காமல் பிடுங்கியதே இல்லை.