பலகையில் ஒரே ஒரு கோமதி

சங்கரன்கோவில் வட்டாரத்து மகப்பேறு மருத்துவமனை ஒன்றுக்கு, காத்திருப்போரைப் பெயர் காட்டி அழைக்கும் திரைப்பலகை தேவைப்பட்டது. திரை வடிவமைப்பில் தேர்ந்தவரான சிந்தாமணி டீச்சர் அந்தப் பணியைத் தம் மாணவன் அமலதாசனிடம் ஒப்படைத்திருந்தார். அவன் வரைந்த மாதிரியை மருத்துவர்கள் நண்பகலில் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் ஒப்புக்கொண்டால் இனி அவன் தனியாகவே வேலை ஏற்கலாம் என்பது டீச்சர் கொடுத்திருந்த வாக்கு.

மருத்துவமனையின் அலுவலக அறையில் அமலதாசன் மாதிரியைத் திறந்து காட்டினான். மலர்விழி, கோமதி, ஷகிலா, எஸ்தர் என்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒளிர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே அறை எண்.

"யார் இவர்கள்?"

"கற்பனைதான், டீச்சர். பெயர்களைக் கணினி உண்டாக்கித் தந்தது, நான் சீர்படுத்தினேன். மெய் போலவே இல்லையா?"

"கேட்டுப் பார்ப்போம்" என்று எழுந்தார் டீச்சர்.

காத்திருப்புக் கூடத்தில் செவிலியிடம் இரண்டு வார்த்தை பேசினார். செவிலி சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றாள்.

"உன் பலகையில் இரண்டாவதாக இருப்பவளை அழை."

"கற்பனைப் பெயரையா?"

"அழை."

அமலதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கோமதி!"

முன்வரிசையில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தூணருகே இருவர். சன்னலோரம் ஒருத்தி. குழாயில் நீர் பிடித்துக்கொண்டிருந்தவளும் செம்பை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எந்தக் கோமதிய கூப்புடுதீக?"

அமலதாசன் சென்னைக்காரன். இந்த ஊர் அம்மனின் பெயர் கோமதி என்பதும், வீட்டில் ஒரு பெண்ணுக்காவது அந்தப் பெயரை வைக்காமல் இங்கே விடமாட்டார்கள் என்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தன. ஆனாலும் ஒரு முதலெழுத்தைச் சேர்த்துச் சமாளித்தான்.

"மா. கோமதி."

மூவர் உட்கார்ந்தார்கள். இருவர் நின்றார்கள்.

"எங்கப்பா மாரியப்பன்."

"எங்க வீட்டுக்காரரு மாடசாமி. நானும் மா தான்."

"அப்ப நீ உக்காரு ஏட்டி, என்னையத்தான் கூப்புடுதாரு."

"ஏன், நீ உக்காரேன்!"

சன்னலோரத்துப் பெண் அமலதாசனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்படி எழுப்பி எழுப்பி உக்கார வச்சீகன்னா பிள்ள இங்கனயே பொறந்துரும்."

கூடமே சிரித்தது. செவிலி எல்லோரையும் அமர்த்தினாள்.

அறைக்குத் திரும்பியதும் டீச்சர் கேட்டார்: "கணினி ஒரு கோமதியைத்தான் தந்ததா?"

"மூவரைத் தந்தது. இருவரை நீக்கிவிட்டேன்."

"ஏன்?"

"ஒரே பெயர் மறுபடியும் வந்தால் மருத்துவர்கள் கவனக்குறைவு என்பார்களே."

டீச்சர் கூடத்தின் பக்கம் கைகாட்டினார்.

"அப்படியானால் வெளியே இருப்பவர்களின் பெயர்களையே வாங்கிப் போட்டுவிடட்டுமா, டீச்சர்?"

"அவர்கள் வைத்தியத்துக்கு வந்தவர்கள். உன் மாதிரிப் படத்துக்கு வந்தவர்கள் அல்லர்."

அமலதாசன் நீக்கிய கோமதிகளை மீண்டும் சேர்த்தான். பெயரோடு ஊரையும் எழுதினான். கரிவலம்வந்தநல்லூர் வரிக்குள் அடங்காமல் அறை எண்ணைத் திரைக்கு வெளியே தள்ளிற்று. எழுத்தைச் சுருக்கினான், பின்வரிசைக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு வரி கொடுத்தான், பாதிப் பெயர்களுக்கு இடமில்லை.

"இதை இனி முதலிலிருந்து வரைய வேண்டும், டீச்சர். மருத்துவர்கள் வரும் நேரமாயிற்று. இப்போதைக்குப் பழைய மாதிரியைக் காட்டிவிட்டால் என்ன? கட்டாயம் ஒப்புக்கொள்வார்கள்."

"ஒப்புக்கொள்வார்கள், ஐயமே இல்லை" என்றார் சிந்தாமணி டீச்சர். "அவர்களை யாரும் வயிற்றுச் சுமையோடு எழுப்பப் போவதில்லையே."

அமலதாசன் பழைய மாதிரியை அழித்துவிட்டு, வெற்றுத் திரையில் முதல் வரியை இழுத்தான்.