பாவா விடாத சுறாக்குட்டி

"அவ இன்னும் சின்னப் பிள்ளை பாவா," என்றான் மீராசா.

கரைவலை இழுக்கிற மீராசாவுக்கு ஒரே மகள், ஜெயினம்பு. மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இன்றைக்கு பஸ் ஏறினால்தான் நாளைக்குள் சேர முடியும். மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? அவளுடைய சர்டிபிகேட்டுகளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கடற்கரையில் உட்கார்ந்திருந்த தன் குருவான பாவாவிடம் வந்துவிட்டான். பாவம், அந்தப் பெண் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதான் தோள்ல தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. 'கடல் தெரியுது வாப்பா, கடல் தெரியுது'ன்னு என் முடியப் புடிச்சு இழுப்பா. அந்த நாளெல்லாம் எங்க போச்சு பாவா?"

அழுதே விட்டான்.

பாவா மலையோரத்து ஊர்க்காரர். ஞானம் உண்டு, மீனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அப்போது மற்றவர்கள் இழுத்த வலை கரையேறியது. உள்ளே ஒரு சினைச் சுறா, செத்துக் கிடந்தது. வயிறு மட்டும் அசைந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தாய் வலைக்கு, உயிருள்ள குட்டி கடலுக்கு. மீராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பதமாக வயிற்றைக் கீறினான். நாலு குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு முழம். மூன்றைத் தண்ணீரில் விட்டான். நாலாவதை பாவா கையில் ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்.

"பொறக்கும்போதே இம்புட்டுப் பெரிசா?"

"பெத்ததும் தாய் போயிரும் பாவா. அப்புறம் அதது பாடு. அதான் பத்து மாசம் வயித்துலயே வச்சு, பல்லு முளைச்சப்புறம் வெளிய விடும். சாளை மீன் மாதிரி ஆயிரக்கணக்குல முட்டை கொட்டுற சாதியா இது? பெக்குறதே நாலு. ஆளாக்கித்தான் பெக்கும்."

"அப்படியா," என்றார் பாவா. குட்டியை விடவில்லை.

"விடுங்க பாவா."

"கடல் ரொம்பப் பெரிசா இருக்கே."

"கடல் பெரிசுதான். விடுங்க!"

"இது சின்னதா இருக்கே, மீராசா."

"அட என்ன பாவா நீங்க! கையில வச்சே கொல்லப் போறீங்களா?"

பாவா கையைத் தாழ்த்தினார். வாலை ஒரு சுழற்று சுழற்றியது. குட்டியைக் காணோம்.

"திரும்பிக்கூடப் பாக்கல," என்றான் மீராசா. குரல் இறங்கிவிட்டது.

"நீ முதல்முதல்ல ஊரை விட்டுப் போனப்போ?"

மீராசா குனிந்து கையைத் தண்ணீரில் அலசினான்.

"பதினாறு வயசு. தூத்துக்குடிக்கு, லாஞ்சு வேலைக்கு. உம்மா நாள் முழுக்க அடுப்படியில நின்னு தொதல் அல்வா கிண்டி, ஓலையில பொட்டலம் கட்டிக் கொடுத்தா. எனக்கு லாரியில முன்சீட்டு கிடைச்ச குஷி. திரும்பிப் பாக்கவேயில்ல. பின்னால நின்னு அழுதாளா, சிரிச்சாளா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது பாவா."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உன் உம்மா நின்ன மாதிரி நில்லு," என்றார் பாவா. "தெரிஞ்சிரும்."