சத்தம் மட்டும் வருகிற டிவி

தென்காசியில் டிவி பழுது பார்க்கிற இசக்கியம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தங்கப்பழம். குருவுக்கு வயது முப்பத்து நாலு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. கண்டக்டர் வேலையை உதறிவிட்டுத் தொழில் கற்க வந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது சீடர் கேட்டார்.

“மாஸ்டர், வெளிச்சம் போன டிவிக்குள்ள ஆள் இருக்குமா?”

“படம் இருக்கும்.”

“ஆளு?”

இசக்கியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். “யார் வீட்டு டிவி?”

“என் வீட்டு டிவிதான்.”

தங்கப்பழத்தின் மனைவி சொர்ணம் இறந்து ஆறு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே டிவி இருண்டுபோனது. சத்தம் மட்டும் வரும். ஊர் டிவியெல்லாம் பழுது பார்க்கிற மனிதர் அதைத் தொடவே இல்லை.

மகள் வேணிக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டியவள். போன மாதம் ஒரு சாயங்காலம், அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம், அப்பாவைப் பார்க்க வந்தவள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ‘அந்த டிவி இருக்க வீட்டுல நான் பிள்ளை பெத்துக்கிட மாட்டேன்’ என்று மறுநாள் போனில் சொல்லிவிட்டாள். அதிலிருந்து தங்கப்பழம் பாதி ஆளாகிப் போனார்.

“சொர்ணம் அதுக்குள்ள உக்காந்திருக்கா மாஸ்டர். அவ நீலச் சேலையோட. தினமும் பாக்கேன். வேணியும் பாத்திருக்கணும்.”

“டார்ச்ச எடுங்க, அண்ணாச்சி.”

தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போனதும் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். பட்டப்பகல் வெளியே நின்றுகொண்டது. டிவியைப் போட்டதும் கருப்புக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். யாரோ கை தட்டினார்கள். பழகிய சத்தம்தான், ஆனாலும் தங்கப்பழத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

“எல்லா வீட்டுலயும் முதல்ல டார்ச் அடிச்சுப் பாக்கிய. இங்க ஏன் அடிக்கல?”

“பயம்.”

“உள்ள அவுக இருந்துருவாகன்னா?”

“அவ இல்லாம போயிட்டான்னா?”

இசக்கியம்மாள் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்தாள். கையகல வெளிச்சத்தில், சாம்பல் பூத்தாற்போல் ஒரு கரண்டி அசைந்தது. கொஞ்சம் தள்ளினால் வெங்காயம் நறுக்கும் கை. இன்னும் மேலே ஒரு முகம், யாரோ சமையல்காரி. தங்கப்பழம் மூலைக்கு மூலை தேடினார். சொர்ணம் இல்லை. அவருக்கு அழுகை வந்தது.

“தினமும் எப்படி உக்காந்து பாப்பிய?”

அவர் தயங்கினார். பிறகு சொர்ணத்தின் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் தொங்கிய நீலச் சேலையை எடுத்துத் தலையோடு தாடியும் மறையப் போர்த்திக்கொண்டார்.

“அவ வாசம் இன்னும் போகல மாஸ்டர்.”

இசக்கியம்மாள் டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பினாள்.

திரையில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். நீல முக்காடு. ஒட்டிப்போன கன்னம். இமைக்காத கண்.

“அந்தா! அந்தா மாஸ்டர்!”

அவர் கத்தியபோது திரைக்குள் இருந்ததும் வாயைத் திறந்தது. தங்கப்பழம் மெல்லத் தலையிலிருந்து சேலையை இறக்கினார். அது ஒரு நொடி கழித்து இறக்கியதுபோல் அவருக்குத் தோன்றியது. உள்ளே இருந்தது நரைத்த தாடி வைத்த ஒரு ஆண்.

வெகுநேரம் சமையல்காரி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு வேலை நடந்தது. இசக்கியம்மாள் பின்மூடியைக் கழற்றி, திரையைப் பூப்போலத் தூக்கி வைத்து, அதன் பின்னால் எரிந்துபோயிருந்த விளக்குப் பட்டைகளை மாற்றினாள். சீடர் ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் டிவி பளிச்சென்று எரிந்தது.

தங்கப்பழம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“டிவி சரியாயிட்டு, வந்துருன்னு வேணிகிட்ட சொல்லிரட்டுமா மாஸ்டர்?”

இசக்கியம்மாள் ஜன்னல்களைத் திறந்தாள். வெளிச்சம் நாற்காலியில் கிடந்த நீலச் சேலைமேல் விழுந்தது.

“அன்னைக்கு வாசல்ல நின்னு அவ பாத்தது டிவியவா, அண்ணாச்சி?”