மிசிசிப்பியை மிதித்து நிறுத்திய சம்பந்தி

பூதலிங்கம் அண்ணாச்சி சாக்லேட் பொட்டலத்தோடு படியேறினால் அந்த வீட்டுக்காரர்கள் அன்றைய வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு சாக்லேட்; அதற்கு ஈடாக மதியம் முழுக்க அமெரிக்காவைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கோவில்பட்டியில் பாதிப் பேர் சர்க்கரை வியாதி என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரவடிவுக்குத் தப்பிக்க வழியில்லை. அவள் மகள் பகவதியின் மாமனார்தான் இந்தப் பூதலிங்கம். மாப்பிள்ளையைப் பெற்றவர் வெள்ளைக் காக்கா பறக்குது என்றால், பெண்ணைக் கொடுத்தவள் "ஆமா அண்ணாச்சி, ரெண்டு பறக்குது" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கல்யாணமான நாள் முதல் அவளும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பகவதியும் மாப்பிள்ளையும் இருப்பது மினசோட்டாவில். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், குளிருக்கென்றே ஒதுக்கிவிட்ட மாநிலம் அது. பேத்தி பிறந்தபோது வடிவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு போயும் சேர்ந்தார். அதனால் சம்பந்திமார்தான் போனார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள என்று இந்தக் குளிர்காலமும் அவர்களே போய் மாசியில் திரும்பினார்கள். இப்போது பகவதிக்கு இரண்டாவது பிரசவம், ஆனி மாதம். வடிவு கையில் விசா இருந்தது. பேத்தியை அவள் போன் திரையில் பார்த்ததோடு சரி, ஒரு நாள் மடியில் வைத்ததில்லை. இந்தத் தடவையாவது போய்விட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதைக் கெடுக்கத்தான் அன்றைக்குப் பொட்டலம் வந்திருந்தது.

"தங்கச்சி தனியாப் போயி என்ன செய்யும்?" என்று நாற்காலியில் சாய்ந்தார் பூதலிங்கம். "பகவதி படுத்துருவா, மகன் வேலைக்குப் போயிருவான். பேத்திய நாலு இடம் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்லா? அந்த மாநிலத்துல எனக்குத் தெரியாத இடமே கெடையாது, பாத்துக்கிடுங்க."

அவர் பார்த்த இடம் எது என்று வடிவுக்குத் தெரியும். பகவதி போனில் சொல்லியிருந்தாள்: "மாமா தெனமும் கதவைத் திறப்பாரும்மா. ஒரு அடி வைப்பாரு. கத்திக்கிட்டே திரும்பி சோபாவுக்கு ஓடிருவாரு. அவ்வளவுதான் அவரு பாத்த அமெரிக்கா." குளிரில் கோட்டைவிட்டதைக் கோடையில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மனுஷருக்கு ஆசை. ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால், மருமகள் கோள் மூட்டுகிறாள் என்று பகவதி தலையில்தான் விடியும். வடிவு காப்பியை ஆற்றி நீட்டினாள்.

பூதலிங்கத்தின் மனைவி உலகம்மாள் பக்கத்தில் இருந்தாள். வாயில் கடலைமிட்டாய். வந்ததிலிருந்து அவள் பேசவில்லை.

"மிசிசிப்பி ஆறு கேள்விப்பட்டிருப்பீங்க" என்று தொடங்கினார். "அது பொறக்குறது நம்ம மினசோட்டாவுல, இட்டாஸ்கா ஏரியில. பொறக்குற எடத்துல கல்லு கெடக்கு. சின்னப் பிள்ளைகூட கல்லுக்குக் கல்லு தாவி ஆத்தைத் தாண்டிரும்."

வடிவின் தம்பி நயினார் மினிபஸ் ஓட்டுகிறவன். அவன் வாயை அடக்க இன்னும் சம்பந்தம் எதுவும் அமையவில்லை. "அவ்வளவு பெரிய ஆத்தைப் பிள்ளை தாண்டுமாக்கும்!" என்று சிரித்தான்.

பாவம், அன்றைக்கு அவர் சொன்னதில் கலப்படமில்லாத மெய் அது ஒன்றுதான். அதற்குத்தான் முதல் சிரிப்பு கிடைத்தது. மெய்யைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று அண்ணாச்சிக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"சிரிக்காதடே. பேத்தி தாண்டினா. நான் வேட்டிய ஆத்துல அலசிட்டு, நடுவுல ரெண்டு காலையும் சேத்து வச்சு நின்னேன். கொஞ்சம் கண்ணசந்துட்டேன். தண்ணி நின்னுபோச்சு! கீழ கடல் வரைக்கும் ஆறு வத்திக் கப்பலெல்லாம் தரைதட்டிட்டு. கப்பல்காரன்கிட்ட இருந்து போன் மேல போன். 'அந்தக் கோவில்பட்டிக்காரரைக் காலை எடுக்கச் சொல்லுங்க'ங்கான்."

"கோவில்பட்டிக்காரருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான் நயினார்.

"வேட்டியில இருந்த நீலம் பூராம் கடலுக்குப் போயிட்டுல்லா! இம்புட்டு நீலம் போடுறவன் வேற எந்த ஊர்ல இருக்கான்?"

"ஆமா அண்ணாச்சி, உங்க காலு பெரிய காலு" என்றாள் வடிவு. சோபாவை விட்டு இறங்காத கால் பெருக்காமல் என்ன செய்யும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாராட்டு கிடைத்ததும் அண்ணாச்சி வடக்கே டுலூத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். அங்கே கப்பல் வந்தால் மேலே தூக்கிக்கொள்கிற பாலம் ஒன்று இருக்கிறதாம். "பாலத்து நடுவுல புளியோதரைய அவுத்தோம். நல்லெண்ணெய் வாசம் ஊரைத் தூக்குது. எங்களையும் சேத்துப் பாலத்தைத் தூக்கின பாலத்துக்காரன் எறக்க மாட்டேங்கான். 'எனக்கு ஒரு உருண்டை குடுத்தாத்தான் எறக்குவேன்'ங்கான். கீழ பாத்தா, கப்பல்காரன் நங்கூரத்தைப் போட்டுட்டுத் தட்டை நீட்டுதான்!"

"புளியோதரை கிண்டினது மதினியா?" என்று நயினார் உலகம்மாளைப் பார்த்தான். அவள் வாயில் மிட்டாய் கடக்கென்று உடைந்தது.

"தின்னுட்டிருக்கவளை எதுக்குடே தொந்தரவு பண்ணுத?" என்று அவசரமாக வெட்டினார் பூதலிங்கம். "மீன் கதைக்கு வா. குளிர்ல ஏரியெல்லாம் பாறையா உறைஞ்சுரும், அதுல ஓட்டை போட்டு மீன் பிடிப்பாங்க. நானும் தூண்டில் போட்டேன். மாட்டின மீனுக்குத் தலை இந்த ஏரியில, வாலு அடுத்த ஏரியில. விடுவேனா? ஒரே இழுப்பு, ஏரியும் சேந்து வந்துட்டு. அந்த ஊர்க்காரன் பத்தாயிரம் ஏரின்னு ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கான், ஒண்ணு கொறஞ்சா மானம் போயிரும்னு அழுதான். சரி, பொழைச்சுப் போன்னு திருப்பி வச்சுட்டு வந்தேன்."

காலித் தம்ளரைக் கையில் எடுத்த வடிவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்தப் புளுகு மூட்டைக்கு மூன்றாவது தடவையும் டிக்கெட், தனக்கு மட்டும் போன் திரையா?

"அந்தக் குளிர்ல மனுசன் வெளிய நிக்க முடியுமா?" என்று கேட்டான் நயினார்.

"அதான் சொல்ல வாரேன். வாசல்ல நின்னு 'உலகம்மா'ன்னு கூப்பிட்டேன். சத்தத்தைக் காணோம். குனிஞ்சு பாத்தா, பேச்சு உறைஞ்சு கல்கண்டு மாதிரி காலடியில கெடக்கு! அங்க வச்சுப் பேசின பேச்செல்லாம் வாசல்ல குமிஞ்சுபோச்சு. மகன் மம்பட்டியால வாரி ஓரமாத் தள்ளினான். வெயிலடிச்சு உருகினாத்தான் அது காதுல விழும். இந்தக் குளிரைத் தங்கச்சி தாங்குமா? பேசாம நாங்களே டிக்கெட் போட்டுக்கிடுதோம். நீங்க அடுத்த பிரசவத்துக்குப் போங்க."

ஆனி மாதப் பிரசவத்துக்கு மார்கழிக் குளிரைக் காட்டுகிறார்! அடுத்த பிரசவமாம்! வடிவு தம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"அண்ணாச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு நெசம்" என்றாள்.

நயினார் அக்காவை வெறித்தான்.

"முந்தாநாள் பகவதி போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. அங்க வெயிலடிச்சு ஐஸ் உருகுது. திடீர்னு அண்ணாச்சி குரல்! பகவதி காதுல ஒண்ணும் விழலை, அங்க வண்டிச் சத்தம். எனக்கு இங்க கணீர்னு கேக்கு."

"என் குரலா?" பூதலிங்கம் பூரித்துப்போய் நிமிர்ந்தார். "கேட்டியாடே நயினாரு! சிரிச்சியே!"

"உங்க குரலேதான். 'அய்யோ உலகம்மா, ஒரு அடி வச்சதுக்கே காலு வெறைச்சுட்டே! என்னைச் சோபாவுக்குத் தூக்கிட்டுப் போ! இனிமே இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். அடுத்த தடவை அந்தத் தங்கச்சி வந்து பாடுபடட்டும்'னு ஒரே அழுகை. எனக்கே கண்ணு கலங்கிட்டு. அண்ணாச்சி வாயால சொன்ன வார்த்தைய நான் மீற முடியுமா? நேத்தே டிக்கெட் போட்டுட்டேன்."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். திறந்த வாயில் பேச்சு வரவில்லை. கோவில்பட்டியில் அன்றைக்கு நல்ல வெயில்.

"அது... வேற யாரு குரலாவது..."

"அப்போ பேச்சு உறையுததெல்லாம் பொய்யா அண்ணாச்சி?" என்றான் நயினார்.

"உறையும்டே! சத்தியமா உறையும்!" என்று கத்தினார் அவர். கத்திய பிறகுதான் எதற்குச் சத்தியம் செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

உலகம்மாள் மிட்டாயை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வடிவு பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு நான் ஏசினது ஒண்ணும் கேக்கலையா மதினி? கேட்டிருக்காது. அது பெரிய கட்டி, உருக ஆனி மாசம் ஆகும். நீங்க போவீங்கல்லா, இருந்து முழுசாக் கேட்டுட்டு வாங்க."